டபுள் கிளிக் செய்ததும் என்ன நடக்கிறது?

லினக்ஸ் கணினியில் ஒரு படத்தின் மேல் டபுள் கிளிக் செய்கிறீர்கள். படம் திறக்கிறது. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கணினி இரண்டு கேள்விகளுக்கு விடை தேடியிருக்கும். இது என்ன வகைக் கோப்பு? இந்த வகையை எந்தச் செயலியிடம் கொடுப்பது? நாம் நினைத்தது திறக்காமல் வேறு ஏதாவது திறந்தால், எந்தக் கேள்வியில் வழி தவறியது என்று துப்பறிய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது!

முதல் கேள்விக்கு வருவோம். கோப்பின் பெயர் 'பி.என்.ஜி' என்று முடிந்தால் அது படம்தான் என்று கணினி எடுத்துக்கொள்ளும். பெயரில் அந்த வால் இல்லாவிட்டால் உள்ளே எட்டிப் பார்க்கும். உலகில் எந்த பி.என்.ஜி படத்தை எடுத்தாலும் அதன் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்றுதான் இருக்கும். இதில் 80, 78, 71 ஆகியவை பி, என், ஜி என்ற ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள். ஜிப் கோப்புகள் பெரும்பாலும் 80, 75 என்று தொடங்கும். அவை பி, கே. அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள்!

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு பி.என்.ஜி படத்தைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் பெயரிலிருந்து வாலை நீக்கிவிடுங்கள். அப்போதும் படம் திறக்கும். இப்போது எழுத்துக் கோப்பு போல 'டி.எக்ஸ்.டி' என்று வால் ஒட்டுங்கள். கோப்பு மேலாளர் ஏமாந்துபோகலாம். ஆனால் டெர்மினலில் 'ஃபைல்' என்ற கட்டளையைக் கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டினால், அது பி.என்.ஜி படம் என்றே சொல்லும்.

வகை தெரிந்ததும் கணினி அதற்கு 'இமேஜ்/பி.என்.ஜி' என்பது போல ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். இந்தப் பெயரிடும் முறை 1992இல் மின்னஞ்சலுக்காக வந்தது. நத்தானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும் உருவாக்கியது. கடிதத்தோடு படமும் பாட்டும் அனுப்பும் வசதி அதனால் எளிதானது.

அடுத்து, எந்தச் செயலி? கிருட்டா என்ற ஓவியச் செயலியைத் தரவிறக்கி, அதற்கு நீங்களே ஒரு லாஞ்சர் ஐகான் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐகானுக்குப் பின்னால் இருப்பது வெறும் எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம். செயலியின் பெயர் ஒரு வரி, எந்தெந்த வகைக் கோப்புகளைத் திறக்கும் என்பது ஒரு வரி, இயக்க வேண்டிய கட்டளை ஒரு வரி. கட்டளை இருக்கும் அந்த 'எக்ஸெக்' வரியில்தான் தவறுகள் அதிகம் ஒளிந்திருக்கும்.

அந்த வரியின் கடைசியில் விழுக்காட்டுக் குறியும் சின்ன 'எஃப்' எழுத்தும் இருக்க வேண்டும். நாம் கிளிக் செய்த கோப்பின் பெயர் வந்து உட்காரும் இடம் அது. பெரிய 'எஃப்' போட்டால் ஒரே சமயத்தில் பல கோப்புகளைக் கொடுக்கலாம். இந்த இரண்டில் ஒன்றையும் எழுதாமல் விட்டால் செயலி காலியாகத் திறக்கலாம். வலது கிளிக் செய்தால் வரும் செயலிப் பட்டியலில் அது இல்லாமலே போகவும் கூடும்.

டெர்மினலில் ஓடும் கட்டளை ஐகானில் மட்டும் ஓடவில்லையா? வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் அலைக்குறியைப் பாருங்கள். டெர்மினல் அதை முழு முகவரியாக மாற்றிக்கொள்ளும். லாஞ்சர் பெரும்பாலும் மாற்றாது. 'ஹோம்' தொடங்கி முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். வகை வரியைத் திருத்தினால், 'அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ்' கட்டளையை உங்கள் லாஞ்சர் கோப்புறைக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் படம் பழைய செயலியிலேயே திறந்தால், படத்தின் மேல் வலது கிளிக் செய்து கிருட்டாவை இயல்புச் செயலியாகத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேர்வு உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'மைம்ஆப்ஸ்' பட்டியலில் பதிவாகும். கணினிக்கான பொதுப் பட்டியலைவிட உங்கள் பட்டியலுக்கே முதலிடம். அந்தப் பதிவை அழித்தால் பழைய செயலியே திரும்ப வரலாம். அதே கணினியில் அக்காவுக்குத் தனிக் கணக்கு இருந்தால், அதில் எதுவும் மாறியிருக்காது.