மழை விடுமுறையில் ஒரு பாட்டிலும் சில செய்திகளும்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானது என்று கேட்டதும் செஞ்சிப் பிள்ளைகளின் கண் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரிக்குப் போய்விடும். ஆட்சியர் விடுமுறை விட்டாரா இல்லையா என்பதுதான் அவர்களுக்குப் பெரிய செய்தி. குளிர்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பனி கொட்டி வழி அடைபட்டால் கிடைக்கிற நாள், நமக்குக் கார்த்திகை மழையில் கிடைக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருப்போம். சமையல் நடக்கும், கைவேலை நடக்கும், செய்தியும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த மூன்றில் செய்தியைத்தான் நாம் பாதி காதில் வாங்குகிறோம். அதைச் சரியாகப் புரிந்துகொள்வதும் அன்றைய வீட்டு வேலைகளில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பெரிய புயல் அல்ல. மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர் வரை காற்று வீசினால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118-ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். ஃபெஞ்சல் முதல் படியிலேயே நின்றது. ஆனால் கரை ஏறிய பிறகு நகராமல் பல மணி நேரம் அங்கேயே தங்கிவிட்டது. செஞ்சிக்குத் தென்கிழக்கே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். டிசம்பர் 1 அன்று புயல் வலுவிழந்தது என்று செய்தி வந்தது. அது காற்றைப் பற்றிய செய்தி. மழை குறையும் என்று அதற்குப் பொருள் இல்லை. வலுவிழந்த அதே காற்றழுத்தத் தாழ்வு உள்நாட்டுக்குள் மெல்ல நகர்ந்து, அன்று மாலை திருவண்ணாமலையில் மண்சரிவில் உயிர்களைப் பறித்தது. மறுநாள் காலைக் கணக்கில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் 50 சென்டிமீட்டர் பதிவானது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து சுமார் 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, நம் மாவட்டத்துத் தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. கன அடி என்று செய்தியில் சொல்வது ஒரு விநாடிக்கு ஓடும் அளவு. ஒரு கன அடி 28 லிட்டருக்குச் சற்று அதிகம். மழை நின்ற பிறகும் ஆறு ஏறும். அதனால் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் வானத்தைவிட அணைச் செய்தியைத்தான் கவனிக்க வேண்டும். வீடூர் அணைக்குக் கீழே சங்கராபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு அந்தச் செய்தி அந்த அணையிலிருந்து வரும்.

மழை அளவைச் சொல்லும் சொற்களுக்கும் கணக்கு உண்டு. ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 20-க்கு மேல் அதி கனமழை. நாள் என்பது இங்கே காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. நிற எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள்.

இதெல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிபட, நல்ல கைவேலை ஒன்று இருக்கிறது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல் பகுதியை, அது குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும்; அங்கே கூழாங்கல் போட்டு, கல் மூழ்கி மட்டமாகும் வரை தண்ணீர் விட்டு, அந்த இடத்தில் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் அளவுகோலை வைத்துச் சென்டிமீட்டர் குறியுங்கள். வெட்டிய மூடிப் பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் செருகினால் மழைமானி தயார். மழை வலுக்கும் முன்பே, கூரைத் தண்ணீரோ மரத்து நீரோ சொட்டாத இடத்தில், செங்கற்களுக்கு நடுவே வைத்துவிட வேண்டும். காற்று பலமாக வீசும்போது யாரும் வெளியே போகக் கூடாது. பாட்டில் நிறையப் பார்த்தால், பாதுகாப்பாக எடுக்க முடிகிற நேரத்தில் அளவைக் குறித்துக்கொண்டு பூஜ்யம் வரை கொட்டிவிட்டுத் திரும்ப வைக்கலாம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லிட்டர். இந்தக் கணக்கை நம் செஞ்சிக் கோட்டை நன்றாகவே அறிந்திருந்தது. மலைமேலும் அடிவாரத்திலும் குளங்களும் சுனைகளும், ராஜகிரி அடிவாரத்தில் பெரிய நெற்களஞ்சியமும் இல்லாமல், 1690-இல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு எதிராக 1698 வரை தாக்குப்பிடித்திருக்க முடியாது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 கோட்டைகளில், தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். பிள்ளைகளோடு அதையும் பேச நல்ல நாள் இது.

அடுக்களையில் மின்சாரம் இருக்காது என்று எண்ணியே திட்டமிட வேண்டும். முன்தினமே மேல்தொட்டியை நிரப்பி, குடிதண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்குள் பாலையும் மாவையும் முடித்துவிடுவது நல்லது. பிறகு மிக்ஸி தேவைப்படாத சமையல்தான்: முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்த கேழ்வரகு அடை, இடித்த மிளகு ரசம், கோடையில் காயவைத்த வடகம் தாளித்த புளிக்குழம்பு. காலையிலேயே ஊறவைத்த மல்லாட்டையை உப்புப் போட்டு வேகவைத்தால் பிற்பகல் முழுவதும் தாங்கும். கை சும்மா இருக்கிறவர்கள் பழைய புடவையைக் கிழித்துச் சடைபோல் பின்னிக் கால்மிதி தைக்கலாம். சேற்றுக்கால் வீட்டில் அன்றைக்கே அது பயன்படும்.

கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துபோனால் பேட்டரி வானொலி கைகொடுக்கும். வாட்ஸ்அப்பில் வரும் வெள்ளக் காணொளியைப் பகிரும் முன் அதில் ஊரும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். பழைய புயலின் படம் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சுற்றுகிறது. மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநில அளவில் 1070, அறுந்து விழுந்த மின்கம்பியைக் கண்டால் 94987 94987. இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். மறுநாள் காலை 8:30-க்குப் பாட்டிலில் இருக்கும் அளவோடு இடையில் கொட்டிய அளவையும் சேர்த்துக் குறித்து வைத்து, வானிலை மையம் செஞ்சிக்கு வெளியிடும் அளவோடு அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.