உரிமையின் முகவரி – 11: ஆம்பூர் ஊசியும் குடியாத்தம் பீடியும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், ஏற்றுமதியாகும் ஷூக்களில் ஒரு பகுதி தொழிற்சாலைக்கு வெளியேதான் உருவாகிறது. வெட்டித் துளையிட்ட தோல் துண்டுகளை ஏஜென்ட் வீடுகளில் கொடுத்துவிட்டுப் போவார். பெண்கள் அவற்றைக் கையால் தைத்து, ‘அப்பர்’ எனப்படும் மேல்பாகமாக்கித் தருவார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தைப்பவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்களும் முஸ்லிம் பெண்களும். வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, பி.எஃப். எதிலும் அவர்கள் பெயர் இராது.

சமூக நீதி என்றதும் இட ஒதுக்கீடு நினைவுக்கு வருவது தமிழ்நாட்டு வழக்கம். ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தின் 16(4)ஆவது பிரிவு அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது; தனியார் ஷூ தொழிற்சாலையின் வாசலைக்கூட அது எட்டாது. தனியாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் மிகச் சில. சென்ற வாரம் பார்த்த, தீண்டாமையை ஒழிக்கும் 17 ஒன்று. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் 23 இன்னொன்று.

இந்த 23க்கு உயிர் கொடுத்தது 1982இல் வந்த ஒரு தீர்ப்பு. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் தொடுத்த வழக்கு அது. அடித்து வேலை வாங்கினால்தான் கட்டாயம் என்றில்லை. பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஆக்கினால் அதுவும் கட்டாயமே, சட்டம் நிர்ணயித்த கூலிக்குக் குறைவாக வேலை வாங்குவது 23ஐ மீறுவதே என்றார் நீதிபதி பகவதி. ஆம்பூர்த் தெருக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் இல்லை.

குறைந்தபட்சக் கூலி அந்தப் பெண்களுக்குப் பொருந்துமா என்ற சந்தேகத்துக்கும் இடமிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் தோல் பதனிடுதலும் தோல் பொருள் உற்பத்தியும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. பொருளை வாங்கிப்போய் வீட்டில் செய்து கொடுப்பவரும் தொழிலாளியே என்று அதன் வரையறை சொன்னது. குறை சட்டத்தின் எழுத்தில் இல்லை. தைத்த பெண் யாருடைய தொழிலாளி என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. தொழிற்சாலையைக் கேட்டால் ஏஜென்ட்டைக் கை காட்டும். ஏஜென்ட்டோ அதே தெருவில் குடியிருப்பவர். பல நேரங்களில் அவரும் ஒரு பெண்ணே.

கொஞ்ச தூரத்தில் இருக்கும் குடியாத்தத்தில் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் எழுதப்பட்டுவிட்டது. அங்கே வீட்டில் பீடி சுற்றும் பெண்ணும் இலையும் தூளும் வாங்கிப்போய், எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர்தான். ஆனால் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இலேயே வந்தது. நடுவில் ஒப்பந்ததாரர் இருந்தாலும் அவருக்குப் பின்னால் இருக்கும் முதன்மை முதலாளியைப் பொறுப்பாளி ஆக்கியது அது. பீடி முதலாளிகள் அதை எதிர்த்துப் போன மங்களூர் கணேஷ் பீடி வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. வீட்டில் சுற்றுபவருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்பது 1985இல் உறுதியானது. அந்தத் தீர்ப்பின் காரணம் கவனிக்கத் தக்கது: சரியில்லாத பீடியைக் கழித்துத் தள்ளும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது, அதுவே மேற்பார்வைக்குச் சான்று என்றது நீதிமன்றம். தையல் கோணினால் அப்பரும் திரும்பி வருகிறது. அந்த அளவுகோல் பீடிக்குப் பொருந்தினால் ஷூவுக்கும் பொருந்த வேண்டும். குடியாத்தத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. பாஸ் புத்தகத்தில் பெயர் ஏறாமலே பீடி சுற்றுபவர்கள் உண்டு. ஆனாலும் அடையாள அட்டையும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் பீடித் தொழிலாளருக்கென வந்த சட்டங்களின் வழியாகத்தான் வந்தன.

தோல் வட்டாரத்துக்கு அரசியலமைப்புச் சட்டம் புதிதல்ல. தோல் கழிவால் பாலாறு கெட்டதற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 32ஆவது பிரிவின் கீழ் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு, சுற்றுச்சூழலைக் காக்கச் சொல்லும், வழிகாட்டு நெறியாக மட்டும் கிடந்த 48அ பிரிவை உயிர் வாழும் உரிமையோடு சேர்த்துப் படித்து, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதை இந்நாட்டுச் சட்டமாக்கியது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது. இழப்பீடு முழுதாகப் போய்ச் சேராமல், 2025 ஜனவரி 30இலும் உச்ச நீதிமன்றம் ஆறு வாரக் கெடு விதிக்க வேண்டியிருந்தது வேறு கதை. அந்த வழக்கு ஓரளவாவது நகர்ந்ததற்குக் காரணம், கழிவு எந்த ஆலையிலிருந்து வந்தது என்று பெயர் சொல்ல முடிந்ததே. வாழ்க்கைக் கூலியைச் சொல்லும் 43ஆவது பிரிவும் வழிகாட்டு நெறிதான். அதற்கு இப்படியொரு வழக்கு ஆம்பூரிலிருந்து போகவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவரை வரையறுக்கிறது. ஆனால் அமைப்புசாராத் தொழிலாளர் வரிசையில் வைத்து. அதாவது நல உதவிக்கு அரசிடம் பதியலாம். கூலிக்கு முதலாளியைப் பிடிக்க அது போதாது. தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளருக்கென நல வாரியம் முன்பே இருக்கிறது. மாநில அரசு செய்ய வேண்டியது அதற்கு அடுத்தது: அப்பர் தைப்பதற்கு ஜோடிக் கூலியை நிர்ணயித்து, கொடுத்த ஜோடியும் கழித்த ஜோடியும் தொழிற்சாலையின் பெயரும் எழுதிய அட்டையைத் தைப்பவர் கையில் தரக் கட்டாயமாக்குவது. பீடிக்கு 1966இல் செய்ததற்கு மேல் இதில் எதுவும் இல்லை.