மரத்துப்போகும் ஊசி மட்டும் போதுமா?

பால் பண்ணைகளில் கன்று பிறந்து இரண்டு மாதத்துக்குள் கொம்புக்குருத்தைச் சுட்டுவிடுவது வழக்கம். குருத்தின் வலியை மூளைக்குச் சொல்லும் முக்கிய நரம்பு, கண்ணின் வெளிமுனைக்கும் கொம்படிக்கும் நடுவே தோலுக்கடியில் ஓடுகிறது. அங்கே இருபக்கமும் ஏறத்தாழ 5 மில்லி மருந்தைச் செலுத்தினால் குருத்து மரத்துப்போகும். எந்த மருந்து என்று கேட்டால், ‘அதிக நேரம் நிற்பதே சிறந்தது’ என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மருந்தின் வேகம் விட்ட பிறகு கன்றுக்கு என்ன நேர்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1905 முதல் புழக்கத்தில் உள்ள புரோகெய்ன் மெதுவாக ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் விட்டுவிடும். 1943-இல் சுவீடனில் லோஃப்கிரென், லுண்ட்குவிஸ்ட் என்ற வேதியியலாளர்கள் உருவாக்கிய லிக்னோகெய்ன் 5 முதல் 10 நிமிடத்தில் பிடித்து, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை நிற்கும். பியூப்பிவகெய்ன் பிடிக்க 20, 30 நிமிடம் ஆகும். ஆனால் 4 முதல் 8 மணி நேரம் தாங்கும். கணக்கில் வெல்வது பியூப்பிவகெய்ன்தான். ஆனால் கொம்பு நரம்பை ஒட்டியே ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. தவறி ரத்தத்தில் கலந்துவிட்டால், லிக்னோகெய்னைவிட இது இதயத்தைக் கடுமையாகத் தாக்கும். காத்திருக்கப் பொறுமையின்றிச் சூட்டுக்கோலை எடுத்தால், ஊசி போட்டும் பயனில்லை.

வலியும் அச்சமும் கூடும்போது ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். கொம்பு நீக்கிய கன்றுகளை வைத்து நியூசிலாந்தில் நடந்த ஆய்வுகள் இதை அளந்து பார்த்தன. ஊசி போட்ட கன்றுகளில் முதல் ஏற்றம் அடங்கியது. மருந்து விட்டதும் கார்டிசால் மீண்டும் ஏறியது. பியூப்பிவகெய்ன் அந்த ஏற்றத்தைத் தள்ளிப்போட்டதே தவிர, தடுக்கவில்லை. மரப்பு ஊசியோடு வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் இரண்டாவது ஏற்றமும் அடங்கியது. ஆகவே லிக்னோகெய்னும், அவ்வாறு வலியும் வீக்கமும் தணிக்கும் மெலாக்சிகாமும் சேர்ந்த முறையே, தனியாகப் போடும் நீண்டநேர மருந்தைவிட மேலானது. அதே வகை மருந்தான டைக்குளோஃபினாக் மட்டும் கால்நடைகளுக்குக் கூடாது. பிணந்தின்னிக் கழுகுகளை அழித்ததால் 2006-இல் இந்தியா அதைத் தடைசெய்தது. மெலாக்சிகாம் அவற்றுக்குத் தீங்கற்றது.

‘ஒரு நிமிட வேலைக்கு இத்தனை செலவா?’ என்று கேட்கலாம். சுடுவது ஒரு நிமிடம்தான். சுட்ட புண்ணின் வலி பல மணி நேரம். ‘இளங்கன்றுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது’ என்ற நம்பிக்கையையும் மேற்சொன்ன அளவீடுகள் பொய்யாக்குகின்றன. ஊசிக்காகப் பிடித்து நிறுத்துவதும் கன்றுக்குத் தொல்லைதானே என்பதில் நியாயம் உண்டு; ஆனால் மரத்துப்போன கன்று சுடும்போது திமிறுவது வெகுவாகக் குறைவதால், வேலை செய்பவருக்கும் காயம் தவிர்க்கப்படுகிறது.

நியூசிலாந்து 2019 அக்டோபர் 1 முதல் கொம்பு நீக்கத்துக்கு மரப்பு ஊசியைச் சட்டப்படி கட்டாயமாக்கிவிட்டது. மாடு வளர்ப்போர் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மரப்பு ஊசி, அது பிடிக்கும்வரை பொறுமை, பிறகும் தொடரும் வலிக்கு மருந்து ஆகிய மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.