மோடமுக்குள் இரண்டு ஸ்பீக்கர்கள்

பழைய டயல்-அப் மோடத்தில் போனில் இருப்பதுபோல் எண் பொத்தான்கள் இருக்காது. டயல் செய்ய, அழைப்பை எடுக்க, போனை வைக்க எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரிலிருந்து எழுத்துகளைத் தட்டித்தான் சொல்ல வேண்டும். 1981இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடத்தோடு பரவிய வழக்கம் இது. கட்டளைகள் 'ஏடி' என்று தொடங்கும். 'இங்கே கவனி' என்று பொருள். ஏடிஎச் என்று தட்டினால் போனை வைத்துவிடும். சொன்னது புரிந்தால் 'ஓகே' என்று பதில் வரும், புரியாவிட்டால் 'எரர்'.

தொண்ணூறுகளில் வந்த பல மோடம்களுக்குப் பேச்சும் கைவந்தது. அதற்கு நாம் முதலில் தட்ட வேண்டியது ஏடி+எஃப்கிளாஸ்=8. இதே கட்டளையில் 0 போட்டால் டேட்டா, 1 அல்லது 2 போட்டால் ஃபேக்ஸ், 8 போட்டால் குரல். குரலுக்கு மாறியதும் மோடம் தன் பிறவித் தொழிலையே நிறுத்திவிடுகிறது. எதிர்முனையில் இருப்பது இன்னொரு மோடம் அல்ல, மனிதர். ஆகவே கீச்சிடல் இல்லை; லைனில் வரும் குரலைப் பொதுவாக நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. அதுதான் பதிவு. எண்களைத் திருப்பி அனுப்பினால், எதிர்முனையில் இருப்பவருக்கு நம் பதிவுக்குரல் கேட்கும்.

இப்படிப் பேசத் தெரிந்த மோடம் சிலவற்றை, ரிசீவரை எடுக்காமலே பேசும் ஸ்பீக்கர்போனாகவும் ஆக்கலாம். எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். மோடம் கட்டளைப் பட்டியலைப் புரட்டினால் 'ஸ்பீக்கர்' என்று முதலில் கண்ணில் படுபவை ஏடிஎல், ஏடிஎம் என்ற இரண்டுதான். எல் சத்தத்தின் அளவு. எம் எப்போது ஒலிக்க வேண்டும் என்பது. ஸ்பீக்கர்போனைக் கூட்டிக் குறைப்பது இவற்றால்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. இவை ஆளுவது, இன்டர்நெட் இணைப்புக் கிடைக்கும் வரை கீச்சென்று கத்துமே, அந்தக் குட்டி ஸ்பீக்கரை. டயல் டோன் வந்ததா, எதிர்முனை பிஸியா என்று நாம் ஒட்டுக் கேட்பதற்காக வைத்தது அது. ஏடிஎம்1 என்றால் இணைப்புக் கிடைத்ததும் அடங்கிவிடும். ஏடிஎம்2 என்றால் அடங்காது.

குழப்பம் நீடிக்க ஒரு காரணமும் உண்டு. ஏடிஎம்2 போட்டு ஒருவரை அழைத்தால் அவர் 'ஹலோ' என்பது அந்தக் குட்டி ஸ்பீக்கரிலேயே கேட்கலாம். ஆகா, வேலை செய்கிறது என்று நாமும் பேச ஆரம்பிப்போம். அவருக்கு ஒன்றும் கேட்காது. அந்த ஏற்பாட்டில் மைக்கே கிடையாது.

உண்மையான ஸ்பீக்கர்போனுக்கு இரண்டு பாதைகள் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும்: மைக்கிலிருந்து லைனுக்கு ஒன்று, லைனிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒன்று. ஸ்பீக்கரில் வரும் குரல் மைக்குக்குள் புகுந்து எதிராளிக்கே திரும்பிப் போகாதபடி, எதிரொலியைக் கழித்துவிடும் வேலையும் மோடத்துடையது. ஏடி+விஎஸ்பி=1 இதை இயக்கும். மைக்கின் அளவு +விஜிஎம், ஸ்பீக்கரின் அளவு +விஜிஎஸ். இரண்டையும் உச்சத்துக்கு ஏற்றினால் ஊளைதான் மிஞ்சும். லைனோடு எதை இணைப்பது என்பதை +விஎல்எஸ் முடிவு செய்கிறது. அதற்கான எண் மோடத்துக்கு மோடம் மாறும். ஏடி+விஎல்எஸ்=? என்று அதனிடமே கேட்டுவிடலாம்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பதிவு நடக்கும்போது கேபிளில் குரலின் எண்கள் கொட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் அழைத்தவர் 5ஐ அழுத்தினால் மோடம் அதை எப்படிச் சொல்லும்? கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கு மணமேடை தெரியாது. கெட்டிமேளம் கேட்டதும் அட்சதையைத் தூவுகிறார். வாசிப்புக்குள்ளேயே சேதி வந்துவிடுகிறது. மோடமும் அப்படித்தான். 16 என்ற எண்ணை அனுப்பினால், 'அடுத்து வருவது குரல் அல்ல, சேதி' என்று அர்த்தம். 16க்குப் பின் '5' வந்தால் 5ஐ அழுத்தியிருக்கிறார். 'பி' வந்தால் பிஸி டோன். 'டி' வந்தால் டயல் டோன். குரலிலேயே 16 வந்துவிட்டால்? மோடம் அதை இரண்டு முறை அனுப்பும், நம் மென்பொருள் ஒன்றாக்கிக்கொள்ளும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இந்தச் சின்ன யுக்திதான். ஆனால் மென்பொருள் எழுதுபவர் இதை மறந்தால் பதிவில் 'டிக் டிக்' என்று இரைச்சல் விழும்.

பதிவு விட்டு விட்டு வந்தால் வேகத்தையும் பார்க்க வேண்டும். 8,000 அளவுகள், ஒவ்வொன்றும் 8 பிட், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தலா ஒரு பிட்: நொடிக்கு 80,000 பிட். சீரியல் போர்ட் 57,600இல் இருந்தால் தாங்காது. 115,200 வையுங்கள், அல்லது +விஎஸ்எம் கட்டளையால் குரலைச் சுருக்குங்கள்.

பரணில் பழைய மோடம் ஏதும் கிடந்தால் இணைத்து, ஏடி+எஃப்கிளாஸ்=? என்று தட்டிப் பாருங்கள். பதிலில் 8 இருந்தால் அதற்குப் பேசத் தெரியும். 'எரர்' என்று வந்தாலும் உடனே தூக்கிப் போட வேண்டாம்: 1998இல் வி.253 என்ற சர்வதேசத் தரம் வருவதற்கு முந்தைய ராக்வெல் சிப் மோடம்கள் பல, கூட்டல் குறிக்குப் பதில் # குறியைத்தான் எதிர்பார்க்கும். ஏடி#சிஎல்எஸ்=8 என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.