எரிச்சல் நின்றால் குணமா?

பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சலோடு காலம் தள்ளியவர் ஒருநாள், “இப்போதெல்லாம் அவ்வளவாக எரிவதில்லை” என்று நிம்மதிப்படலாம். அந்த நிம்மதியை மருத்துவர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். அதன் உள்தோலில் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. முறுக்கு உரசிக்கொண்டு இறங்கினாலும் அது தாங்கும், அமிலத்தைத் தாங்காது. இரைப்பைக்குச் சளிப்பூச்சு காவல், உணவுக்குழாய்க்கு அது போதாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வளையத்தசை தளர்ந்து அமிலம் ஓயாமல் மேலேறினால் அழற்சி வரும், புண் வரும். சிலருக்கு ரத்தம் கசிந்து சோகை பிடிக்கும். ஆறிய புண்ணின் தழும்பு குழாயைச் சுருக்கினால் முதலில் இறைச்சித் துண்டும் சப்பாத்தியும் நெஞ்சில் நிற்கும். சுருக்கம் கூடினால் குழைந்த சோறும் இறங்காது. இதை எண்டோஸ்கோபி வழியே பலூன் விட்டு விரிக்கலாம்.

விசித்திரமானது இன்னொரு பின்விளைவு. சிலருக்குப் புண் ஆறும்போது பழைய தட்டைச் செல்களுக்குப் பதிலாக, குடலில் இருப்பவை போன்ற உயரமான, சளி சுரக்கும் செல்கள் முளைக்கின்றன. இவை அமிலத்தை நன்றாகவே தாங்கும். அதனால் எரிச்சல் குறையவும் கூடும். ஆனால் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடியவையும் இவையே.

இதற்குப் பாரெட் உணவுக்குழாய் என்று பெயர். லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரெட் 1950இல் இதைப் பற்றி எழுதியபோது, உணவுக்குழாய் பிறவியிலேயே குட்டையாக இருப்பதால் இரைப்பை மார்புக்குள் இழுக்கப்பட்டிருக்கிறது என்றுதான் கருதினார். அது உணவுக்குழாயேதான், உள்தோல்தான் வேறு என்று 1953இல் காட்டியவர்கள் அலிசனும் ஜான்ஸ்டனும். பாரெட்டும் பிறகு ஒப்புக்கொண்டார். பெயர் என்னவோ அவருடையதே நிலைத்துவிட்டது!

பயந்து நடுங்க வேண்டியதில்லை. செல்களில் மேற்கொண்டு கோளாறு தோன்றாதவரை, இது புற்றாக மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் பெரும்பங்கு வேறு வகை. புகையிலையும் மதுவும் அதன் முக்கியக் காரணங்கள். ஆனாலும் பாரெட் இருப்பவர் அவ்வப்போது எண்டோஸ்கோபி செய்து, சதைத் துணுக்கெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கோளாறு தெரிந்தால் ரேடியோ அலை வெப்பத்தால் அந்த உள்தோலைச் சுட்டு நீக்குகிறார்கள். அமிலத்தையும் மருந்தால் அடக்கிவிட்டால் பழைய தட்டைச் செல்களே திரும்ப வளர்கின்றன.

எண்டோஸ்கோபிக்கு அஞ்சுவோருக்காகக் கேம்பிரிட்ஜில் ரெபேக்கா ஃபிட்ஸ்ஜெரால்டு குழுவினர் நூல் கட்டிய மாத்திரை ஒன்றை உருவாக்கினார்கள். விழுங்கியதும் உறை கரைந்து உள்ளிருக்கும் பஞ்சு விரியும். நூலைப் பிடித்து இழுத்தால் வழியெங்கும் செல்களை ஒற்றிக்கொண்டு வெளியே வரும். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, தார் போன்ற கறுப்பு மலம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பஞ்சு போதாது. எண்டோஸ்கோபிதான், அதுவும் தாமதிக்காமல்.