ஃபிரிட்ஜில் வைத்த தட்டான்

"ஏற்காட்டுக்குப் போய் எவனாவது பூச்சியைப் படம் பிடிப்பானாடா?"

சேலத்து நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். தப்பில்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏரியில் படகு விட்டு, லேடீஸ் ஸீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்துவிட்டு, மிளகும் காபித்தூளும் வாங்கி இறங்குவதுதானே முறை! நான் என்னடாவென்றால், கிளியூர் அருவிக்குப் போகிற வழியில் ஓடையோரச் சேற்றில் குப்புறப் படுத்துக் கிடந்தேன்.

எல்லாம் தட்டானுக்காக. 'தும்பி' என்றால் இலக்கியமாக இருக்கும். நமக்குத் தட்டான்தான்.

பி.காம். படித்தவன் ஆச்சே, முதலில் செலவுக் கணக்குப் போட்டேன். மேக்ரோ லென்ஸ் விலையைக் கேட்டதும் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் ஒரு வழி கிடைத்தது. கேமராவோடு வந்த சாதாரண லென்ஸையே தலைகீழாக மாட்ட ஒரு வளையம் விற்கிறார்கள். சில நூறு ரூபாய்தான். கொசு, கோழி மாதிரி தெரியும்!

ஒரே சங்கடம். பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவே நாலு விரற்கடைதான் இடைவெளி. கண் தெளிவாக விழுந்தால் வால் மங்கல். மூச்சு விட்டால் மொத்தமும் மங்கல். எதிரே இருப்பவரோ லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒவ்வொரு கண்ணிலும் 30,000 வரை குட்டிக் கண்கள். பின்னால் வருகிறவனும் தெரிவான். நாலு இறக்கையையும் தனித்தனியே ஆட்டி, நின்ற இடத்திலேயே மிதப்பார். பின்பக்கமாகவும் பறப்பார். அவர் பக்கத்தில் நாலு விரற்கடையில் போவதாவது!

முதல் தடவை காலையிலிருந்து மதியம் வரை 140 படம். அத்தனையிலும் வெறும் குச்சி.

விஷயம் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டேன். "புடிச்சு அஞ்சு நிமிஷம் ஃபிரிட்ஜ்ல வைங்க பாஸ். பொம்மை மாதிரி உட்காரும்" என்றார். தட்டான் தன் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் வெயிலிடமிருந்து வாங்குகிற ஜீவன். குளிர்ந்தால் இறக்கைத் தசை வேலை செய்யாது.

துண்டைப் போட்டுப் பிடித்தேன். டீக்கடை ஃபிரிட்ஜில், சோடா பாட்டில்களுக்கு நடுவே ஒரு டப்பாவில் வைத்தேன். சொன்னபடியே உட்கார்ந்தது. செக்கச்செவேலென்று, கண்ணாடி இறக்கையோடு, கனவு மாதிரி ஒரு படம்! பார்த்தவர்கள் எல்லாம் வாய் பிளந்தார்கள். ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார்: "எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருந்தீங்க?"

"மூணு மணி நேரம்" என்றேன், கூசாமல்.

படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துண்டில் சிக்கியபோது ஒரு பின் இறக்கை கிழிந்திருந்தது. கிழியாத பக்கமாகப் பார்த்து எடுத்தேன். வெயிலில் விட்டபோது அது சாய்ந்து சாய்ந்து பறந்து, புல்லில் விழுந்தது. எறும்பு வந்தது. நான் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

சின்ன வயதில் வாலில் நூல் கட்டிக் கல் தூக்க வைத்தவன்தான் நானும். அப்போது உறுத்தவில்லை, இப்போது உறுத்தியது. காரணம், படித்துத் தொலைத்தேன். மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்து, கொசுப்புழுவைத் தின்று, பலமுறை தோலுரித்து வெளியே வருகிறது. இறக்கையோடு வாழ்வது சில வாரங்கள். இதன் உறவுக்காரத் தட்டான் ஒன்று அக்டோபர் வாக்கில் இந்தியாவிலிருந்து கிளம்பி, மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போவதாக சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர் 2009-ல் எழுதினார். ஏரி, குளம் அதிகமில்லாத மாலத்தீவில் இத்தனை தட்டான் எப்படி என்று யோசித்ததில் பிடித்த விஷயம் அது. பாஸ்போர்ட் இல்லாமல் போகிற ஜாதியை நான் சோடாவோடு அடைத்திருக்கிறேன்!

நவம்பரில் மறுபடி போனேன். இந்தத் தடவை விடியற்காலை. ஏற்காட்டில் அந்நேரம் ஃபிரிட்ஜுக்கு என்ன வேலை? மலையே ஃபிரிட்ஜ்தான். ஓடைக்கு மேலே புல்லாகப் புல்லாகத் தடவிப் பார்த்ததில் ஒன்று அகப்பட்டது. உடம்பு முழுக்கப் பனித்துளி. அசையவில்லை, அசையவும் முடியாது. முழங்கை சேற்றில் புதைய, மூச்சை அடக்கி எடுத்தேன்.

காபிப் பழம் பறிக்கப் போன ஒரு அம்மா நின்றார்.

"என்ன சாமி, காசு ஏதும் தொலைச்சுட்டியா?"

"இல்லம்மா, தட்டான்."

அவர் சிரிப்பதற்குள் வெயில் விழுந்தது. தட்டான் ஒருமுறை சிலிர்த்து, கிளம்பியே விட்டது.

"விடு. ஓடைக்கு வந்து அந்தக் குச்சியில குந்தும் பாரு. தொரத்திவிட்டாலும் அங்கனதான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தது. அதுதானா, அதன் பங்காளியா, தெரியாது. இன்னொரு ஆண் தட்டான் எல்லைக்குள் வந்ததும் விரட்டிக்கொண்டு போய், அதே குச்சிக்கு அதே பக்கம் பார்த்துத் திரும்பியது. ஏறுவெயிலில் வாலைச் சூரியனுக்கு நேரே தூக்கி நின்றது. உடம்பில் வெயில் குறைவாகப் படவாம். கேமராவை மூடிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

200-க்கு மேல் எடுத்ததில் தேறியது மூன்று. ஒன்றை அந்த ஆபீஸ் நண்பரிடம் காட்டி, பழைய பொய்யையும் ஒப்புக்கொண்டேன். பெருந்தன்மையாகச் சிரித்தார். புதுப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"இதுக்கு நிஜமாவே ரெண்டரை மணி நேரம் சார்" என்றேன்.

"போங்க சார்! ஃபிரிட்ஜுல வைக்காமயா மேலெல்லாம் இப்படித் தண்ணி கோத்திருக்கு?"