மலைப்பாதையில் வருவோரும் நமது வீட்டுத்தோட்டமும்

கொட்டகலைக்கு உல்லாசப் பயணிகள் புதியவர்கள் அல்லர். டெவன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க வேன்களில் வருவோரை நாம் நெடுங்காலமாக அறிவோம். ஆனால், இப்பொழுது முதுகில் பையுடன் தோட்டப் பாதைகளில் நடந்தே வருவோரையும் காண்கிறோம். ‘பெக்கோ டிரெய்ல்’ எனப்படும் நடைபாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. இதன் நீளம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம், 22 கட்டங்கள். ஒரு கட்டம் வட்டகொடையிலிருந்து கொட்டகலைக்கு வருகிறது. அடுத்தது கொட்டகலையிலிருந்து நோர்வூட்டுக்குச் செல்கிறது.

ஒரு நாள் நடை இங்கே முடிந்து மறுநாள் நடை இங்கே தொடங்குவதால், வருவோருக்கு உணவும் படுக்கையும் தேவை. அதற்கு அவர்கள் செலவிடும் பணத்தில் லயத்துக்கு எவ்வளவு வந்து சேரும்? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

விவசாயச் சுற்றுலா என்றால் என்ன?

விவசாயி தன் நிலத்துக்கு விருந்தினரை வரவேற்று, தன் தொழிலைக் காட்டி, தன் விளைச்சலையே சமைத்துப் பரிமாறி வருமானம் பெறுவது விவசாயச் சுற்றுலா. இத்தாலி 1985இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. விருந்தோம்பலை விவசாயியே நடத்த வேண்டும். விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

நமது மலைநாட்டிலோ விருந்தோம்பல் மேலிருந்து தொடங்கியது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாயிற்று. காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழவுள்ள துரைமார் பங்களாக்கள் 2005 முதல் உயர்தர விடுதிகளாயின. இவற்றால் சிலருக்கு வேலை கிடைத்தது உண்மை. ஆயினும், பயணி பார்க்க வரும் பச்சை மலையைப் பராமரிப்பவர் கொழுந்து பறிக்கும் பெண். அவர் படத்தில் மட்டும் இடம்பெறுகிறார், கணக்கில் இடம்பெறுவதில்லை. வேறு வழியும் உண்டு. ஊவாவில் அம்பதண்டேகமையிலுள்ள அம்பா தோட்டம், கையால் உருட்டிய தேயிலை, ஜாம், விருந்தினர் விடுதி ஆகியவற்றை நடத்தி, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொழிலாளருடன் பகிர்ந்துகொள்கிறது.

நம்மிடம் உள்ளது உணவு

தேயிலைக்கு விலை கொழும்பு ஏலத்தில் தீர்மானிக்கப்படுகிறது. 1883 முதல் நடந்துவரும் அந்த ஏலத்தில் தொழிலாளிக்குக் குரல் இல்லை. ஆனால், ஒரு சாப்பாட்டுக்கு விலை வைப்பவர் அதைச் சமைப்பவரே. லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தில் லீக்ஸ், கரட், போஞ்சி, கோவா, கீரை விளைகின்றன. பட்டியில் பசு நிற்கிறது. அதன் சாணம் பசளையாகிறது. ரொட்டியும் சம்பலும், பருப்பும் கீரையும், ஒரு கோப்பை பிளேன்ரீயும் நடந்து களைத்தவருக்கு நல்ல உணவு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். ஆகவே பாலும் கீரையும் முதலில் நம் பிள்ளைகளின் தட்டுக்கே போக வேண்டும். விருந்தினருக்கு உரியது மிகுதிதான்.

தொடங்கும் விதம்

1. எட்டுப் பத்துக் குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து முறை வைத்துச் சமைக்கலாம். நாள் முழுவதும் மலையில் நின்ற பெண்ணின் தலையில் இரண்டாவது வேலையாக இது விழக்கூடாது. ஆண்களும் பங்கேற்க வேண்டும்.

2. கொதித்தாறிய நீர், துப்புரவான மலசலகூடம், எழுதி ஒட்டிய விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

3. மரக்கறிக்கு நஞ்சு தெளிப்பதை இயன்றவரை குறைத்துக் கூட்டெருவைப் பயன்படுத்துவோம்.

4. வருமானத்தில் ஒரு பகுதியைக் குழுவின் பொது நிதியில் சேமிப்போம்.

5. அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம் என்று விருந்தினரிடம் மரியாதையாகச் சொல்வோம்.

இதை நம்பித் தோட்ட வேலையையோ வீட்டுத்தோட்டத்தையோ கைவிடுவது ஆபத்தானது. 2019இன் குண்டுவெடிப்புகள், 2020இன் கொரோனா, 2022இன் பொருளாதார நெருக்கடி ஆகியன பயணிகளின் வரவை வெகுவாகக் குறைத்தன. 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மலைநாட்டின் வீதிகளையும் ரயில் பாதையையும் சிதைத்தது. பயணி வராத மாதத்திலும் தோட்டத்துக் கீரை வீட்டுக்கு உதவும்.

காணியே அடிப்படை

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. தலைமுறைகளாக வாழும் குடும்பத்துக்கு லயக் காம்பராவில்கூட உரித்து இல்லை. உறுதியில்லாத வீட்டை வைத்து வங்கியில் கடன் பெறுவதும், விருந்தினர் இல்லமாக மாற்றுவதும் கடினம்.

முன்னைய வீட்டுத் திட்டங்களில் வழங்கப்பட்ட 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. 550 சதுர அடி வீட்டைக் கழித்தால் 1,355 சதுர அடி மிஞ்சும். அதற்குள்தான் வழியும், மலசலகூடமும், தோட்டமும், மாடும். எனவே வீடு கேட்கும்போது பயிரிடும் நிலத்தையும் சேர்த்துக் கேட்பது அவசியம். விருந்தினரை நம் வீட்டுக்கு அழைக்க, முதலில் அது உறுதியுடன் நம் வீடாக வேண்டும்.